பிரிட்டன் மலைகளில் நடக்கவும் அங்கேயே இரவு தங்கவும்: எதை, எந்த வரிசையில் பார்ப்பது

பிரிட்டனின் மிக உயர்ந்த மலையான பென் நெவிஸின் உயரம் 1345 மீட்டர். ஊட்டி நகரமே அதைவிட ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் இருக்கும் நம்மவர்கள் சிலர் ஜீன்ஸும் சாதாரண ஷூவுமாக மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இங்கே உயரத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் காற்றும் மழையும் முதலில் மோதுவது இந்த மலைகளில்தான். ஏற்றம் கடல் மட்டத்துக்குச் சற்று மேலேயே தொடங்கிவிடும். உச்சிகளில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கோர்ம் உச்சியில் 1986 மார்ச்சில் மணிக்கு 173 மைல் வேகத்தில் காற்று அடித்தது பதிவாகியிருக்கிறது.

மலை நடை பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் எந்த டெண்ட், எந்த ஷூ என்றுதான் ஆரம்பிக்கும். என் கணக்கில் கடைக்குக் கடைசியாகத்தான் போக வேண்டும். முதலில் சட்டம், பிறகு மலை, மேப், வானிலை; பணத்தை எடுப்பது அதற்கப்புறம். உதாரணத்துக்கு வடமேற்கு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் உள்ள 950 மீட்டர் ஹெல்வெலினை எடுத்துக்கொள்கிறேன்.

சட்டம்: எங்கே படுக்கலாம்?

தீவு ஒன்றுதான், ஆனால் ஸ்காட்லாந்துக்கு ஒரு சட்டம், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் வேறு சட்டம்.

ஸ்காட்லாந்தில் மனம் விட்டுப் படுக்கலாம். 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், நிலம் தனியாருடையதாக இருந்தாலும், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் அங்கே நடக்கவும் டெண்ட் அடித்துத் தங்கவும் உரிமை தருகிறது. பொறுப்பு என்றால் என்ன என்பதை ‘ஸ்காட்டிஷ் அவுட்டோர் ஆக்சஸ் கோட்’ என்ற ஆவணம் விளக்குகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். போவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள். சிறு குழுவாக இருக்க வேண்டும், ஒரே இடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் கூடாது, வீடுகளுக்கும் சாலைகளுக்கும் பயிர் நிலங்களுக்கும் தள்ளி இருக்க வேண்டும் என்பது சாரம். காருக்குள் படுத்துத் தூங்குவது இந்த உரிமையில் வராது. முக்கியமான விதிவிலக்கு, லாக் லோமண்ட் அண்ட் த ட்ரோசக்ஸ் தேசியப் பூங்கா. அங்கே பல ஏரிக்கரைப் பகுதிகளில் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை அனுமதிச் சீட்டு இல்லாமல் டெண்ட் அடிக்க முடியாது. எந்தெந்தக் கரை என்பதைப் பூங்காவின் இணையதளத்து வரைபடம் காட்டும்.

ஆகஸ்டிலிருந்து அக்டோபர் 20 வரை ஸ்காட்லாந்து மலைகளில் மான் வேட்டை மும்முரமாக இருக்கும். நடப்பதற்குத் தடை இல்லை. ஆனால் எந்த எஸ்டேட்டில் எந்த நாளில் துப்பாக்கி வெடிக்கும், எந்த வழியைத் தவிர்த்தால் நல்லது என்பதை ‘ஹெடிங் ஃபார் த ஸ்காட்டிஷ் ஹில்ஸ்’ என்ற இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கதை வேறு. 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த மலைப்பகுதிகளில் நடக்க உரிமை கொடுத்தது, படுக்கக் கொடுக்கவில்லை. நடக்கும் உரிமைகூடச் சும்மா வந்ததல்ல. 1932 ஏப்ரல் 24 அன்று பீக் டிஸ்ட்ரிக்டின் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் நூற்றுக்கணக்கானோர் அத்துமீறி ஏறினார்கள், அதில் ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். படுக்கும் உரிமை இல்லாததால், இங்கே டெண்ட் அடிக்க வேண்டுமென்றால் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பதுதான் சட்டம்.

பெரிய விதிவிலக்கு, தென்மேற்கு இங்கிலாந்தில் உள்ள டார்ட்மூர் மேட்டுநிலம். 1985ஆம் ஆண்டின் டார்ட்மூர் பொதுநிலச் சட்டம் ‘திறந்தவெளிப் பொழுதுபோக்கு’க்கு அனுமதி தந்தது. அதில் இரவு தங்குவதும் அடங்குமா என்று நில உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இல்லை என்றது. அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அடங்கும் என்று ஒருமனதாக முடித்துவைத்தது. ஆனாலும் டார்ட்மூர் முழுவதும் படுக்க முடியாது. எந்தப் பொதுநிலங்களில் அனுமதி என்பதைத் தேசியப் பூங்காவின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். வட டார்ட்மூரில் ராணுவத் துப்பாக்கிப் பயிற்சிக் களங்களும் இருக்கின்றன. சுடும் நாட்களின் பட்டியலை முன்கூட்டியே வெளியிடுவார்கள், அன்று சிவப்புக் கொடி பறக்கும்.

லேக் டிஸ்ட்ரிக்டில் நடப்பது ஒருவகைச் சகிப்பு. மலைச்சரிவின் கடைசிக் கல்சுவருக்கு மேலே, ஊர்களுக்குத் தள்ளி, ஓரிரு சிறிய டெண்டோடு, இருட்டும் நேரத்தில் வந்து விடிந்ததும் கிளம்பிவிடுகிறவர்களைப் பொதுவாக யாரும் தொந்தரவு செய்வதில்லை. இது உரிமை ஆகாது. யாராவது வந்து கிளம்பச் சொன்னால் வாதாடாமல் கிளம்ப வேண்டியதுதான். அந்தக் ‘கடைசிக் கல்சுவரை’ நினைவில் வையுங்கள், மேப் வாங்கும்போது தேவைப்படும்.

மலையைத் தேர்ந்தெடுப்பது

இந்த ஊர்க்காரர்களுக்குப் பட்டியல் என்றால் உயிர். ஸ்காட்லாந்தில் 3000 அடிக்கு மேற்பட்ட 282 மலைகள் ‘மன்ரோ’க்கள், 1891இல் ஹியூ மன்ரோ போட்ட பட்டியலிலிருந்து வந்த பெயர். லேக் டிஸ்ட்ரிக்டில் 214 ‘வெயின்ரைட்’கள், வெயின்ரைட் எழுதிய வழிகாட்டி நூல்களில் வரும் மலைகள். ஒவ்வொன்றாக ஏறி டிக் அடிப்பதையே வாழ்க்கையாக வைத்திருப்பவர்கள் உண்டு. புதியவருக்கு இந்தப் பட்டியல்களால் உள்ள பயன் ஒன்றுதான்: ஒவ்வொரு மலைக்கும் யாரோ வழி எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்துக்கு ‘வாக்ஹைலண்ட்ஸ்’ இணையதளம் போதும். வழி விவரம், சேற்றின் அளவு, கடினம், போனில் வழியைக் காட்டும் ஜிபிஎக்ஸ் கோப்பு, போய்வந்தவர்களின் படத்தோடு கூடிய குறிப்புகள் எல்லாம் இலவசம். ‘ஹில் பேகிங்’ தளத்தில் எந்த மலையின் உயரத்தையும், மேப்பில் அது இருக்கும் இடத்தைச் சொல்லும் கிரிட் எண்ணையும் எடுக்கலாம். நான் அதிகம் சார்ந்திருப்பது ‘ஜியோகிராஃப்’. பிரிட்டனின் ஒவ்வொரு சதுர கிலோமீட்டருக்கும் புகைப்படம் சேர்க்கும் திட்டம் அது. நீங்கள் டெண்ட் அடிக்க நினைக்கும் இடம் புல்லா, சேறா, பாறையா என்பதை வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம்.

பயனர்கள் தாங்களே பதிவேற்றும் வழிகளைக் காட்டும் ஆப்களை மட்டும் சந்தேகத்தோடு பாருங்கள். பாறையில் தொற்றி ஏறப் பழகியவருக்கு எளிதாக இருந்த வழி, அந்த ஆப்பில் உங்களுக்கும் ‘நடுத்தரம்’ என்றே காட்டும். கூகுள் மேப்ஸ் இதற்கான கருவியே இல்லை. பென் நெவிஸுக்கு அது காட்டிய வழி உயிருக்கே ஆபத்தானது என்று ஜான் மியூர் டிரஸ்ட்டும் மவுண்டனியரிங் ஸ்காட்லாந்தும் 2021இல் வெளிப்படையாக எச்சரித்தன.

கார் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே உள்ள ஈடேல் நிலையத்தில் இறங்கினால் கிண்டர் ஸ்கவுட் எதிரே நிற்கும். லண்டன் யூஸ்டனில் இரவு ஏறினால் கலிடோனியன் ஸ்லீப்பர் என்ற இரவு ரயில் காலையில் பென் நெவிஸ் அடிவார ஊரான ஃபோர்ட் வில்லியம் கொண்டுபோய் விடும். அந்தப் பாதையில் வரும் கோரூர் நிலையத்துக்குப் பொதுச்சாலையே கிடையாது. ரயிலை விட்டு இறங்கியதும் வெட்டவெளிதான்.

மேப்: இங்கே நிதானமாக

ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நிறுவனம் 1791 முதல் இந்தத் தீவை அளந்துகொண்டிருக்கிறது. மலைக்குத் தேவை அதன் இரண்டு வரிசைகள். ஆரஞ்சு அட்டை போட்ட எக்ஸ்ப்ளோரர் 1:25,000 அளவு. மேப்பில் 4 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. இளஞ்சிவப்பு அட்டை லேண்ட்ரேஞ்சர் 1:50,000. ஹெல்வெலினுக்கு எக்ஸ்ப்ளோரர் ஓஎல்5 அல்லது லேண்ட்ரேஞ்சர் 90. எதை வாங்குவது? வேலிகளும் கல்சுவர்களும் எக்ஸ்ப்ளோரரில்தான் இருக்கும். கடைசிக் கல்சுவர் எங்கே என்று தெரியாமல் லேக் டிஸ்ட்ரிக்டில் இடம் தேட முடியாது. பனிமூட்டத்தில் கைக்குச் சிக்கும் ஒரே அடையாளமும் பல சமயம் அந்தச் சுவர்தான். ஆகவே எக்ஸ்ப்ளோரர். ஹார்வி நிறுவனத்தின் 1:40,000 மலை மேப்களும் நல்லவை. நனையாத தாளில் அச்சிட்டவை, பாறைப் பகுதிகளைத் தெளிவாகக் காட்டுபவை.

காகித மேப் வாங்கினால் உள்ளே சுரண்டிப் பார்க்கும் ஒரு குறியீடு இருக்கும். அதை ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎஸ் மேப்ஸ் ஆப்பில் போட்டால் அதே மேப் போனிலும் வந்துவிடும். வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது.

இனி படிக்கும் முறை. எக்ஸ்ப்ளோரரில் பச்சைக் கோடுகள் இருந்தால், அந்த வழியே நடக்க உங்களுக்குச் சட்ட உரிமை உண்டு என்று மட்டும் பொருள். தரையில் பாதை இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உண்மையில் கண்ணுக்குத் தெரியும் பாதை கறுப்புப் புள்ளிக்கோடு. பச்சையை நம்பிச் சதுப்புக்குள் போய் முழங்கால் வரை புதைந்தவர்கள் ஏராளம். பழுப்பு நிறச் சமவுயரக் கோடுகள் மலைப்பகுதியில் 10 மீட்டருக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று தடிமனாக. கோடுகள் நெருங்க நெருங்கச் சரிவு செங்குத்தாகும். ஒன்றோடொன்று ஒட்டிப்போனால் அது இறங்கக் கூடாத இடம்.

கிரிட் எண் சொல்லப் பழகுங்கள். ஹெல்வெலின் உச்சியின் எண் என்ஒய் 342 151. இரண்டு எழுத்தும் 100 கி.மீ. சதுரத்தைக் குறிக்கின்றன. முதல் மூன்று இலக்கத்தில் 34 என்பது மேப்பின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் உள்ள நெடுக்குக் கோட்டின் எண். 2 என்பது அந்தக் கோட்டிலிருந்து கிழக்கே பத்தில் இரண்டு பங்கு. அடுத்த மூன்றில் 15 பக்கவாட்டு எண், 1 என்பது அதிலிருந்து வடக்கே பத்தில் ஒரு பங்கு. இப்படி 100 மீட்டருக்குள் ஓர் இடத்தைச் சொல்லிவிடலாம். முதலில் கிழக்கு, பிறகு வடக்கு. மாற்றிச் சொன்னால் மீட்புக் குழு வேறு மலைக்குப் போகும். ஓஎஸ் லொகேட் என்ற இலவச ஆப், நீங்கள் நிற்கும் இடத்தின் எண்ணை இணைய இணைப்பில்லாமலே காட்டும்.

நேரக் கணக்குக்கு 1892இல் நெய்ஸ்மித் சொன்ன விதியே இன்றும் ஓடுகிறது: மணிக்கு 5 கி.மீ., அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம். கிளென்ரிடிங் கிராமத்திலிருந்து ஹெல்வெலின் சுமார் 6 கி.மீ., 800 மீட்டர் ஏற்றம். 1 மணி 12 நிமிடம், அதோடு 1 மணி 20 நிமிடம். ஆக இரண்டரை மணி. அது நிற்காமல் நடக்கும் சுமையற்ற ஆளுக்கு. முதுகில் டெண்டும் நடுவில் ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற கத்திமுனை போன்ற பாறை விளிம்பும் இருந்தால் நான்கு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் முதல் தடவை மூட்டையோடு ஸ்ட்ரைடிங் எட்ஜில் ஏறவே வேண்டாம். காற்று பையைத் தள்ளும். கால் பாறையில் நிற்கும், உடம்பு நிற்காது.

காம்பஸ் கட்டாயம். பென் நெவிஸ் உச்சி இதற்கு நல்ல பாடம். மேலே மேகம் மூடினால் ஒரு பக்கம் கார்டிலூ கல்லி, இன்னொரு பக்கம் ஃபைவ் ஃபிங்கர் கல்லி, இரண்டும் ஆளை விழுங்கும் பிளவுகள். தப்பிக்க, உச்சித் தூணிலிருந்து கிரிட் திசை (மேப் வடக்கிலிருந்து அளந்தது) 231 பாகையில் 150 மீட்டர், பிறகு 281 பாகை. 150 மீட்டரை எப்படி அளப்பது? சமதளத்தில் 100 மீட்டருக்கு உங்கள் இடதுகால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று ஊர்ப் பூங்காவிலேயே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். காந்த வடக்கும் மேப் வடக்கும் இப்போது பிரிட்டனில் மிக நெருக்கமாக இருப்பதால், பழைய வழிகாட்டிகளில் வரும் கூட்டல் கழித்தல் தொல்லை பெரும்பாலும் இல்லை. எத்தனை பாகை என்பதை மேப்பின் ஓரக்குறிப்பில் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

வானிலை: போவதா வேண்டாமா

போனில் உள்ள சாதாரண வானிலை ஆப் அருகிலுள்ள ஊருக்குச் சொல்வது. மலைக்கென்று இரண்டு இருக்கின்றன: மெட் ஆஃபீஸின் மலை வானிலை, மவுண்டன் வெதர் இன்ஃபர்மேஷன் சர்வீஸ். இரண்டையும் பாருங்கள். இரண்டாவது, உச்சிகள் மேகமின்றி இருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு, காற்று நடப்பவரை என்ன செய்யும் என்பதை எல்லாம் வார்த்தையில் எழுதித் தரும்.

படிக்க வேண்டிய வரிசை: முதலில் காற்று, பிறகு மேகம், அப்புறம்தான் மழை. மழையில் நனைந்து நடக்கலாம். உச்சிக் காற்று மணிக்கு 40 மைலைத் தாண்டினால் நடப்பதே மல்லுக்கட்டு, டெண்ட் தூங்க விடாது. 30க்கு மேல் என்றால் புதியவர் மேலே படுக்கும் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்பது என் அளவுகோல். 100 மீட்டருக்குச் சுமார் 0.6 டிகிரி குறையும் என்பதால் கிளென்ரிடிங்கில் 12 டிகிரி என்றால் உச்சியில் 7 இருக்கலாம். காற்றோடு சேர்ந்தால் உடம்புக்கு அது பூஜ்யத்துக்கு அருகே.

குளிர்காலத்தில் ஹெல்வெலினுக்கு ஓர் அரிய வசதி உண்டு. லேக் டிஸ்ட்ரிக்ட் வெதர்லைன் சார்பில் ஓர் ஆள் தினமும் மலை ஏறி, பனி எவ்வளவு, ஐஸ் எங்கே என்று எழுதி வெளியிடுகிறார். ஸ்காட்லாந்தில் பனிச்சரிவு அபாயத்தை ஸ்காட்டிஷ் அவலாஞ்ச் இன்ஃபர்மேஷன் சர்வீஸ் ஆறு பகுதிகளுக்குத் தினமும் சொல்கிறது. ஆனால் பனிக்கோடரியும், ஷூவில் மாட்டும் முள்தகடான கிராம்பானும் பழகாதவருக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை உயர்ந்த மலைகள் வேண்டாம். பகலும் சிறியது. டிசம்பரில் ஃபோர்ட் வில்லியமில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். ஜூன் கடைசியில் இரவு பத்துக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். முதல் இரவுக்கு மே மாதமே சிறந்தது.

டெண்ட் அடிக்கும் இடம்

மேப்பில் சமவுயரக் கோடுகள் விலகியிருக்கும் தோள்பகுதி, பக்கத்தில் ஓர் ஓடை, காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறம்: இப்படி மூன்று இடங்களை வீட்டிலேயே குறித்து, ஜியோகிராஃபில் சரிபாருங்கள். மூன்று எதற்கு என்றால், முதலாவதில் ஏற்கெனவே யாராவது இருப்பார்கள். ஹெல்வெலினுக்குக் கீழே ரெட் டார்ன் என்ற மலைக்குளம் படத்தில் பிரமாதமாக இருக்கும். கோடை வார இறுதியில் கூட்டமும் குப்பையும் அதே அளவு பிரமாதம். வாரநாளில் போங்கள், அல்லது வேறு குளம் தேடுங்கள். ஓடையை ஒட்டிய பள்ளத்தில் அடிக்காதீர்கள், குளிர்காற்று அங்கேதான் தேங்கும், மழை வந்தால் தண்ணீரும். டெண்டின் குறுகிய முனை காற்றைப் பார்க்க வேண்டும்.

நெருப்பு மூட்டவே கூடாது. தரை பீட் மண், அதாவது மக்கிய தாவரங்களால் ஆன, எரியக்கூடிய மண். மேலே அணைத்தாலும் உள்ளே புகைந்துகொண்டே போகும்.

மூட்டை

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பச்சை நிற இரட்டைத் துணி டெண்ட், ‘கம்ஃபர்ட்’ அளவு பூஜ்ய டிகிரியை ஒட்டிய ஸ்லீப்பிங் பேக், தரைக்குளிரைத் தடுக்கும் பாய். இந்த மூன்றில் பாயைத்தான் எல்லோரும் அலட்சியம் செய்வார்கள். குளிர் கீழிருந்துதான் ஏறும். நீர்புகா ஜாக்கெட் மட்டும் போதாது, பேன்ட்டும் வேண்டும். பருத்தித் துணி வேண்டாம், நனைந்தால் காயாது. தலைவிளக்கு, விசில், பவர்பேங்க், ஆரஞ்சு நிற அவசரப் பை. முதல் தடவைக்கு டெக்கத்லான் தரமே தாராளம்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ விமானத்தில் வருபவர்கள் கேஸ் கேனிஸ்டரைப் பெட்டியில் வைக்க முடியாது, கைப்பையிலும் முடியாது. இங்கே இறங்கி வாங்குங்கள். மூடிய டெண்டுக்குள் அடுப்புப் பற்றவைத்தால் கார்பன் மோனாக்சைடு ஓசையில்லாமல் கொல்லும். சாப்பாட்டுக்கு என் சிபாரிசு கஸ்கஸ். கொதிநீர் ஊற்றி மூடினால் ஐந்து நிமிடம். வீட்டுப் புளிக்காய்ச்சல் இரண்டு கரண்டி கலந்தால் எந்த உலர் உணவுப் பொட்டலமும் பக்கத்தில் வர முடியாது.

ஓடை நீரைக் கொதிக்க வையுங்கள் அல்லது வடிகட்டுங்கள். மேலே எங்கோ ஓர் ஆடு செத்துக் கிடக்கலாம். குழல்வடிகட்டி உறைந்தால் உள்ளே உடைந்துவிடும், குளிர் இரவில் அதைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மலம் கழிக்க நீர்நிலையிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, சிறு மண்வாரியால் ஒரு சாண் ஆழம் தோண்டி மூட வேண்டும். காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

மேற்கு ஸ்காட்லாந்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மிட்ஜ் என்னும் சின்ன ஈ மேகம் மேகமாக வரும். மணிக்கு 7 மைல் காற்று இருந்தால் அவற்றால் பறக்க முடியாது, அதனால் கொஞ்சம் காற்றடிக்கும் மேட்டில் படுப்பதே மருந்து. முகத்தை மூடத் தலையில் போடும் வலை ஒன்று மலிவாகக் கிடைக்கும். உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். மாலையில் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பைப் பார்த்து உண்ணி எடுக்கும் கொக்கியால் எடுத்துவிடுங்கள். அடுத்த வாரங்களில் வட்டமாகத் தோல் சிவந்தால் டாக்டரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லிக் காட்டுங்கள்.

உதவி கூப்பிடுவது

999 அல்லது 112. முதலில் ‘போலீஸ்’, பிறகு ‘மவுண்டன் ரெஸ்க்யூ’ என்று கேட்க வேண்டும். ஆம்புலன்ஸ் என்று மட்டும் சொன்னால் அழைப்பு வேறு பக்கம் சுற்றும். மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்பார்களோ என்று தயங்க வேண்டாம். கிரிட் எண், எத்தனை பேர், என்ன காயம், என்ன நிற ஜாக்கெட் என்பதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நெட்வொர்க் இல்லாவிட்டாலும் 999 அழைப்பு வேறு நெட்வொர்க் வழியே போகும். பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமாக இருந்தால் 999க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், ஆனால் அதற்கு முன்பே ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். ஐஃபோன் 14 முதல் செயற்கைக்கோள் வழி அவசர அழைப்பும் பிரிட்டனில் இயங்குகிறது. எதுவும் இல்லையென்றால் விசில்: நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மீண்டும் ஆறு. விளக்கை மின்னவிடுவதற்கும் இதே கணக்கு.

எந்த வழியில் போகிறீர்கள், எங்கே படுப்பீர்கள், எத்தனை மணிக்குள் தகவல் இல்லையென்றால் போலீஸை அழைக்க வேண்டும் என்பதை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். இறங்கியதும் அவருக்குச் சொல்ல மறக்காதீர்கள்.

தனியாகப் போவதற்கு முன்

ஆப் சொல்லித் தராததை ஆட்கள் சொல்லித் தருவார்கள். ராம்ப்ளர்ஸ் அமைப்பின் உள்ளூர்க் குழுக்கள் வாரந்தோறும் நடக்கின்றன. உறுப்பினர் ஆவதற்கு முன் ஓரிரு நடைகளில் கலந்துகொண்டு பார்க்கலாம். மேப்பும் காம்பஸும் முறையாகக் கற்க நேஷனல் நேவிகேஷன் அவார்டின் வெண்கல நிலை வார இறுதி வகுப்பு போதும். பெரிய பயிற்சி மையங்கள் இரண்டு: வேல்ஸில் கேப்பல் கியூரிக்கில் பிளாஸ் அ பிரெனின், ஸ்காட்லாந்தில் ஏவிமோருக்கு அருகே கிளென்மோர் லாட்ஜ். வழிகாட்டியைத் தனியாக அமர்த்துவதானால் ‘மவுண்டன் லீடர்’ தகுதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

டெண்ட் இரவுக்குத் தயாரில்லை என்றால் ‘பாத்தி’யில் தொடங்கலாம். மலைகளுக்குள் ஆளில்லாத கல்வீடுகள் இவை. 1965இல் தொடங்கிய மவுண்டன் பாத்திஸ் அசோசியேஷன் சுமார் நூறு வீடுகளைப் பராமரிக்கிறது, பெரும்பாலும் ஸ்காட்லாந்தில். வாடகை இல்லை, முன்பதிவு இல்லை. குழாய், விளக்கு, கழிவறை எதையும் எதிர்பார்க்கக் கூடாது. இடம் நிறைந்திருக்கலாம் என்பதால் டெண்டையும் முதுகில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.